நாத்தனார் தாங்கிய பின்னல்

புதிதாக மணப்பெண் அலங்காரத் தொழிலுக்கு வந்திருக்கும் தங்கைகள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். ஆறு மணி நேரம் வேர்வையில் நின்றாலும் கலையாத ஒப்பனைக்கு என்ன வழி? அதற்கான பொருள்கள் இப்போது உங்கள் பெட்டியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நான் தொடங்கியபோது என் பெட்டியில் இருந்தவை ஒரு பான்கேக் டப்பா, ரோஸ் பவுடர், கண்மை, சாந்து, நான்கு சீப்புகள், இரண்டு சவுரிகள், ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டை ஊசிகள். முகத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். நான் பின்னலைப் பற்றி எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் என் ஏட்டில் ஒரு பக்கம் உண்டு. தமிழ் மாதம், கிழமை, ஊர், முகூர்த்த நேரம், புடவையின் நிறம், பூ எத்தனை முழம், தலையில் வைத்த ஊசிகள் எத்தனை, எடுத்த ஊசிகள் எத்தனை என்று எழுதிவைப்பேன். பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகளை முத்து முத்தாக எண்ணி வெட்டியிருக்கிறார்கள். அந்த நகைகளைப் பூட்டிவிட்ட கை யாருடையது என்று நூலகத்தில் கிடைத்த புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. நம் தொழிலுக்கு ஓர் ஏடாவது இருக்கட்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன்.

ஊசியை ஏன் எண்ண வேண்டும் என்று சிரித்தவர்கள் உண்டு. புகுந்த வீட்டில் முதன்முதலாகத் தலை சாய்க்கிற பெண்ணுக்கு, நான் எடுக்க மறந்த ஊசி குத்தக் கூடாது. அதனால்தான் அலங்காரத்தைக் கலைத்து, ஊசிகளை எண்ணி டின்னில் போட்ட பிறகே எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் கிளம்புவேன்.

என் ஏட்டின் கடைசிப் பக்கத்தில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ஒருத்தி மட்டும் இந்தத் தொழிலைச் சேர்ந்தவள் இல்லை. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன், என் முதல் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. தை மாதம், புதன்கிழமை, குத்தாலத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு எலிவால் முடி. சவுரி வைத்து இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கவிட்டு, முடிவில் குஞ்சலமும் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் சிலை போல இருந்தாள். நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும், அவனுடைய சகோதரி பின்னால் வந்து பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடித்து மற்ற இரண்டு முடிச்சுகளைப் போடுவது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்று காலை அது நினைவுக்கு வரவில்லை. நாத்தனார் பின்னலைத் தூக்கினார். பின்னல் கையோடு வந்துவிட்டது.

"இந்தா, மருமகளை அப்புறம் கூட்டிக்கிட்டுப் போலாம், முடியை மொதல்ல எடுத்துக்கிட்டுப் போங்க" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. பந்தல் பிரித்ததும் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை மட்டும் புகுந்த வீட்டுத் தெருவில் பல வருஷங்கள் 'சவுரி மருமவ' என்றுதான் கூப்பிட்டார்கள். இதை அவளே என்னிடம் பின்னால் சொன்னாள். கோபமில்லாமல் சொன்னாள் என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இனி எந்த நாத்தனார் கையிலும் என் சவுரி வரக் கூடாது என்று உறுதி எடுத்தேன். அந்த உறுதிதான் என்னை அடுத்த தவறுக்குக் கொண்டுபோய் விட்டது.

நிலம், குத்தகை, பதிவு என்று ஊருக்கு ஊர் வழக்கும் சண்டையுமாக இருந்த காலம் அது. ஒரு சித்திரை மாதம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். "பொண்ணுக்கு முடி கொஞ்சம் கம்மிங்க" என்றார். அழைத்து வரச் சொன்னேன். மறுவாரம் ஒரு பெண் தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெயர் தமிழ்ச்செல்வி. முக்காட்டை எடுத்தபோது நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். முடி கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது. பின்கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

அவள் அப்பா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர். தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி எழுதிப் போட்டதிலிருந்து நிலத்துக்காரருக்கும் அவருக்கும் ஆகவில்லை. சம்பா அறுவடை முடிந்து பங்குனியில் ஒரு பகல், அவர்கள் வைக்கோல் போர் பற்றி எரிந்தது. பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகை. மாட்டை அவிழ்க்கப் போனவள் இவள். தீ யாருடைய வேலை என்பது கோர்ட்டில் இருந்தது.

"தை மாசம் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட அம்மா இவ பின்னலைக் கையில புடிச்சு மொழம் போட்டுப் பாத்தாங்க" என்றார் அம்மா. "ரெண்டு மொழத்துக்கு மேல இருந்துச்சு. அதைச் சொல்லிச் சொல்லித்தான் சம்மதம் சொன்னாங்க. இப்ப இது தெரிஞ்சா ஏன் எரிஞ்சிச்சுன்னு கேப்பாங்க. வழக்கு வெளிய வரும். மாப்பிள்ளையோட தாய்மாமன், கோர்ட்டு வாசல் மிதிச்ச வீட்டுல சம்பந்தமே வேண்டாம்னு ஏற்கெனவே ஒரு எடத்தைத் தட்டிவிட்டவரு. நீங்கதான் காப்பாத்தணும்."

மாப்பிள்ளை வீடு கொள்ளிடக் கரைப் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். அதனால் செய்தி அங்கே எட்டவில்லை.

தமிழ்ச்செல்வி அப்போது ஒன்று சொன்னாள். "அவங்ககிட்ட சொல்லிடலாம்னு நான் சொல்றேங்க்கா. யாரும் காதுல வாங்க மாட்டேங்குறாங்க."

நானும் வாங்கவில்லை. முடியின் நீளம், தழும்பின் அளவு, எந்த நிறச் சவுரி பொருந்தும் என்பதையெல்லாம் அன்று ஏட்டில் எழுதியிருக்கிறேன். அவள் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை.

பத்து நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இவ்வளவு குட்டை முடியில் சவுரியை ஊசிகளால் மட்டும் நிறுத்த முடியாது. ஆகவே பின்னலை முதுகில் ரவிக்கையோடு மூன்று இடத்தில் கறுப்பு நூலால் தைத்துவிடுவது. கனம் முடியில் தொங்காமல் ரவிக்கையில் நிற்கும். நாத்தனாரும் ஓர் அளவுக்கு மேல் தூக்க முடியாது. இதைக் கண்டுபிடித்த மாலை, எனக்கு நானே ஒரு டம்ளர் டிகிரி காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு பெருமை.

கல்யாணம் வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெண்ணின் ஊரில். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. சீர்திருத்தத் திருமணம் என்பதால் ஐயரும் இல்லை, ஓமமும் இல்லை. காலை பத்து மணிக்குத் தலைவர் ஒருவர் வந்து தாலியை எடுத்துக் கொடுப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மந்திரத்தை விட்ட அந்த ஊர்ப் பெண்கள் நாத்தனார் முடிச்சை மட்டும் விடவில்லை. பந்தலுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஓர் அறையைக் கொடுத்திருந்தார்கள். கரும்பலகையில் எட்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது.

ஒன்பதரைக்குள் எல்லாம் முடித்துவிட்டேன். முகத்துக்கு வெள்ளைப் பூச்சு வேண்டும் என்று அவள் சித்தி கேட்டதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. களை எடுத்த கை கறுப்பாக இருக்க முகம் மட்டும் வெளுத்தால் இரண்டு பெண்களை ஒட்டவைத்தது போல இருக்கும். கறுப்பான பெண்ணைக் கறுப்பாகவே அழகாக்குங்கள். அதை அன்று சரியாகத்தான் செய்தேன்.

அப்போதுதான் வசந்தா வந்தாள். மாப்பிள்ளையின் தங்கை, அதாவது நாத்தனார். மணப்பெண்ணின் வயதுதான் இருக்கும். கையில் சிவப்புத் துணி மூட்டை.

"அக்கா, உங்க வேலையைக் கொஞ்சம் கெடுக்கலாமா?" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைப் பிரித்தாள். வெள்ளியில் பொன்முலாம் பூசி, சிவப்புக் கல் வைத்த ஜடைபில்லைகள் ஒன்பது. பின்னல் நெடுகப் பூட்டுவது. "இது இல்லாம மேடை ஏத்துனா எங்கம்மா பந்தலையே பிரிச்சிருவாங்க."

கையில் வாங்கிப் பார்த்தேன். கால் படி அரிசி கனம் இருந்தது. "வச்சிட்டுப் போம்மா, நான் பூட்டி விடுறேன்" என்றேன்.

"அது எப்புடி? எங்க வீட்டுல நாத்தனார் கையாலதான் வைக்கணும். எனக்கு என் நாத்தனார் வச்சா பாருங்க, பாதிய தலைகீழா வச்சா. அந்தப் பழியை நான் எங்க போயித் தீக்குறது? அண்ணி, தலையைக் குனிங்க."

தமிழ்ச்செல்வி குனியவில்லை.

"என்னண்ணி இது, தாலி கட்டுறப்பவும் இப்புடித்தான் வெறைப்பா இருப்பீங்களா? எங்கண்ணன் ஏணி வச்சுத்தான் கட்டணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணப்பெண் மேடையில் செய்கிற வேலை என்ன? மாலைக்குக் குனிகிறாள், தாலிக்குக் குனிகிறாள், காலில் விழக் குனிகிறாள். நான் பத்து நாள் யோசித்துத் தைத்தது, குனியவே குனியாத ஒரு பொம்மைக்கு.

வேறு வழியில்லாமல் அவள் மெல்லத் தலையைச் சாய்த்தாள். தையல் இழுத்தது. ஓர் ஊசி தெறித்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. இன்னொன்று. சவுரி நான்கு விரல் கீழே இறங்க, பின்கழுத்துத் தழும்பு வெளியே தெரிந்தது.

வசந்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "என்னக்கா இது?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"வெக்கைக்கு முடியைக் கொஞ்சம் கொறைச்சோம்மா" என்று பெண்ணின் அம்மா குறுக்கே வந்தார். என் நாக்கு நுனியிலும் பொய்கள் வரிசை கட்டி நின்றன. டைபாய்டு காய்ச்சல், வைத்தீஸ்வரன் கோயில் வேண்டுதல், அடுப்பங்கரையில் எண்ணெய் தெறித்தது. ஒவ்வொன்றும் நம்பும்படியான பொய். ஏதாவது ஒன்றைச் சொன்னால் மேடை வரை போய்விடலாம்.

கண்ணாடியில் தமிழ்ச்செல்வியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏட்டில் எழுதாமல் விட்ட வாக்கியம் அந்தப் பார்வையில் இருந்தது.

"அம்மா, நீங்க ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றேன். பிறகு வசந்தாவிடம், "அதை நான் சொல்லக் கூடாதும்மா. உன் அண்ணியைக் கேளு" என்றேன்.

தமிழ்ச்செல்வி திரும்பி, வசந்தாவின் கையைப் பிடித்துத் தன் பின்கழுத்தில் வைத்தாள். வைக்கோல் போர், கொட்டகை, வழக்கு எல்லாவற்றையும் ஏழெட்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வசந்தா கையை எடுக்கவில்லை. "மாடு?" என்று கேட்டாள்.

"ரெண்டையும் அவுத்துட்டேன். கன்னுக்குட்டியத்தான்…"

"சரி, விடுங்க." வசந்தா மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பாவும் இதே குத்தகைப் பதிவுக்குத்தான் தாசில்தார் ஆபீசுக்கு நடையா நடக்குறாரு. மாமா முன்னாடி நாங்களும் அந்தப் பேச்சை எடுக்குறதில்ல." பெண்ணின் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். "நானாப் போயி யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா யாராச்சும் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

கல்யாணம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாகத் தலைவர் வரவில்லை. ஒலிபெருக்கி 'இதோ வந்துகொண்டிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தது. தாமதமாக வரும் தலைவர்களை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் திட்டியதில்லை.

தையலைப் பிரித்தேன். கனத்த சவுரியை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்த இன்னொரு மெல்லிய சவுரியை வைத்தேன். பூவை ஐந்து முழத்திலிருந்து இரண்டாகக் குறைத்தேன். தண்ணீர் தெளித்த மல்லிகை, தெளிக்காததைவிட எவ்வளவு கனம் என்பதை நீங்களும் ஒருமுறை கையில் வைத்துப் பாருங்கள். ஜடைபில்லையில் மேல் மூன்று போதும் என்று வசந்தாவே சொன்னாள். "அம்மா கேட்டா?" என்றேன். "மூணு போதும்னு நான்தான் சொன்னேன்னு சொல்றேன். அது உண்மைதானே?"

பிறகு ஒத்திகை பார்த்தோம். தமிழ்ச்செல்வி குனிந்தாள், நிமிர்ந்தாள், விழுந்து கும்பிட்டாள். பூக்கட்டும் நாரைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுப் பார்த்தாள் வசந்தா. பின்னலைத் தூக்கவில்லை. இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள், கைக்குழந்தையின் தலையைத் தாங்குவது போல. அந்தப் பிடியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள்தான் எனக்குக் காட்டினாள்.

தலைவர் வந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் பெண் வீட்டுப் பக்கத்துக்காரர், வழக்கில் உதவியவர். ஊரில் எல்லோர் வாயையும் கட்டியவர்கள் மைக்கின் வாயைக் கட்ட மறந்திருந்தார்கள்.

உழவர் உரிமை பற்றி நன்றாகத்தான் தொடங்கினார். அடுத்து பெண்ணின் அப்பாவைப் புகழ ஆரம்பித்தார். "வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள்! வழக்கு மன்றத்துக்கு இழுத்தார்கள்! தீயில் புகுந்து மாட்டைக் காப்பாற்றிய வீரமங்கை இதோ, இந்தத் தமிழ்ச்செல்வி! கூந்தல் கருகியது, கொள்கை கருகவில்லை!"

கைதட்டல் பாதிப் பந்தலில்தான் எழுந்தது. மறுபாதியில் விசிறிகள் நின்றன. மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்த பின்னலைப் பார்த்தார். தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"என்னய்யா தீ? என்ன வழக்கு? எங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையே!"

பெண்ணின் அப்பா கூட்டத்துக்கு நடுவே கைகூப்பி நின்றார். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற வசந்தாதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும் மாமா. அண்ணியே சொன்னாங்க. நான் தழும்பைத் தொட்டுக்கூடப் பாத்துட்டேன்."

"உங்கிட்ட சொன்னாப் போதுமா? கோர்ட்டுக்குப் போற குடும்பம்டி இது!"

"எங்கப்பா தாசில்தார் ஆபீசுக்குப் போறதை மட்டும் உங்ககிட்ட சொன்னமா?"

அவள் அப்பா முன்வரிசையில் பலமாக இருமினார். தாய்மாமன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் மாப்பிள்ளை, அன்று முழுவதும் வாயே திறக்காதவன், சொன்னான்: "மாமா, வெயில் ஏறுது. தாலியை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"ஆக எல்லாரும் சேந்து என் ஒருத்தனைத்தான் ஏமாத்தியிருக்கீங்க" என்றார் மாமன். பந்தலில் எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து, எல்லாப் பக்கமும் பரவியது. அவர் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துத் தட்டிலிருந்து ஒரு கை பூ எடுத்துக்கொண்டார்.

நான் அன்று பள்ளிக்கூட அறையில் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், மேடையில் வசந்தாவும் ஏமாந்தவர்கள் பக்கம்தான் நின்றிருப்பாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்காகப் பேச அந்தப் பந்தலில் யார் இருந்திருப்பார்கள்?

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். தமிழ்ச்செல்வி நன்றாகக் குனிந்தாள். வசந்தா இடது கையால் பின்னலைத் தாங்கினாள். அப்போது ஓர் ஊசி நழுவி வெளியே வந்தது. அது விழுவதற்குள் வசந்தா குனிந்து அதைப் பல்லில் கவ்விக்கொண்டாள். ஊசியைக் கவ்வியபடியே இரண்டு முடிச்சையும் போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து மருமகளின் பின்கழுத்தைப் பார்த்தார். தாலிக் கயிறு தழும்பில் உராயாதபடி ரவிக்கைக்கு மேலே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அலங்காரம் முடிந்ததும் மணப்பெண்ணைக் கண்ணாடி பார்க்கச் சொல்வதற்கு முன், ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நாத்தனாரைத் தேடிப் பிடித்து அறைக்குள் அழைத்து வாருங்கள். எதையாவது மறைக்கச் சொல்லி வீட்டார் கேட்டால், மறைப்பதற்கு முன் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

அன்று பிற்பகல் அலங்காரத்தைக் கலைத்து ஊசிகளை எண்ணினேன். வைத்தவை ஐம்பத்திரண்டு, எடுத்தவை ஐம்பத்தொன்று. தமிழ்ச்செல்வியின் தலையை இரண்டு முறை விரலால் துழாவிவிட்டேன். இல்லை. மேடையில் போய்த் தேடினேன். அங்கும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பும்போது வசந்தா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். காதுக்கு மேலே, அவள் கூந்தலில் என் கொண்டை ஊசி.

"தேடாதீங்கக்கா, இது எங்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்!"

ஏட்டில் அந்தக் கல்யாணத்தின் பக்கத்தில், ஊசிக் கணக்குக்கு நேரே 'ஒன்று நாத்தனாரிடம்' என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, சித்திரையில் எழுதாமல் விட்ட தமிழ்ச்செல்வியின் வாக்கியத்தையும் அன்றே எழுதிச் சேர்த்தேன். கடைசிப் பக்கப் பட்டியலில் வசந்தாவின் பெயரைச் சேர்த்ததும் அன்றுதான்.